பேனாக் கோட்டிலிருந்து வெக்டர் படத்துக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் ஒரு படம் வரைந்திருக்கிறீர்கள். கொழும்பு, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல் என்று வைத்துக்கொள்வோம். அதை ஃபோனில் பிடித்து, வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பி, 10 அடி அகலத்தில் பெனர் அடித்துத் தரச் சொன்னால், பெரும்பாலும் திரும்பி வரும் கேள்வி "வெக்டர் ஃபைல் இருக்கா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லித்தரும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. அந்தப் பொத்தானை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. அது புரிந்துவிட்டால் எந்த மென்பொருளிலும் வேலை செய்யலாம். அதனால் அதற்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

ஃபோன் படம் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு நிறம். அவைதான் பிக்சல்கள். உங்கள் படம் 1200 பிக்சல் அகலம் என்றால், அதை 10 அடிக்கு, அதாவது 120 அங்குலத்துக்கு இழுக்கும்போது ஓர் அங்குலத்துக்கு 10 பிக்சல்தான் கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலும் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் சதுரமாக நிற்கும். மினாராவின் அழகான வளைவு படிக்கட்டாகிவிடும்.

வெக்டர் படத்தில் சதுரங்கள் கிடையாது. சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் வளைவுகள், அந்த வளைவுகள் அடைக்கும் இடத்துக்கு ஒரு நிறம், அவ்வளவுதான். புள்ளிக் கோலம் போடுகிறவர் புள்ளிகளின் வரிசையை மட்டும் நினைவில் வைத்திருந்து, வாசல் சிறிதானாலும் முற்றம் பெரிதானாலும் அதே கோலத்தைப் போட்டுவிடுவதைப் போல, கணினியும் புள்ளிகளின் இடத்தை வைத்துக்கொண்டு கேட்கிற அளவில் புதிதாக வரைகிறது. அதனால்தான் ஒரே ஃபைலை விசிட்டிங் கார்டிலும் போடலாம், பெனரிலும் போடலாம்.

இந்த வளைவுகளுக்குப் பெசியர் வளைவுகள் என்று பெயர். 1960களில் ரெனோ கார் நிறுவனத்தின் பொறியியலாளர் பியர் பெசியர் காரின் உடல் வளைவுகளைக் கணினியில் வடிவமைக்க இவற்றைப் பயன்படுத்திப் பரவலாக்கினார். சிட்ரோயன் நிறுவனத்தில் போல் டி காஸ்டெல்ஜோ 1959இலேயே இதே கணிதத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ஒரு வளைவுக்கு நான்கு புள்ளிகள்: தொடங்கும் இடம், முடியும் இடம், நடுவில் வளைவை இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகள். வளைவு எந்த இரு இடங்களைத் தொட்டுப் போகிறதோ அந்தப் புள்ளிகளை இன்க்ஸ்கேப்பில் நோட் என்பார்கள், இலஸ்ட்ரேட்டரில் ஆங்கர் பாயின்ட் என்பார்கள். இவை இரண்டும் வெக்டர் படம் வரையும் மென்பொருள்கள். இத்தகைய நான்கு வளைவுகளைச் சேர்த்தால் ஒரு வட்டம். கணக்குப்படி அது சரியான வட்டமல்ல, 0.03 வீதத்துக்கும் குறைவான வித்தியாசம் உண்டு. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது.

சரி, இப்போது முக்கியமான விஷயம்.

உங்களுக்குப் பேனாக் கோடு ஒரு கோடு. கணினிக்கு அப்படியல்ல. கறுப்பு எங்கே முடிந்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்ற விளிம்பை மட்டும்தான் அது தேடுகிறது. ஆகவே நீங்கள் ஒரே இழுப்பில் போட்ட ஒரு கோட்டுக்கு அது இரண்டு விளிம்புகள் கண்டுபிடிக்கும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் கறுப்பை நிரப்பும். இப்படி விளிம்பு பிடித்துப் படத்தை வெக்டராக்குவதற்கு டிரேஸ் என்று பெயர். அதாவது டிரேஸ் செய்து முடித்த பிறகு உங்கள் படத்தில் கோடுகளே இல்லை. மெல்லிய, நீண்ட, கறுப்பு நிறம் நிரப்பிய வடிவங்கள்தான் இருக்கின்றன. புதியவர்கள் படும் சிரமங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகின்றன. கோட்டின் தடிப்பை மாற்ற முடியவில்லையே, நிறம் வழிகிறதே, வெள்ளை வெள்ளையாக இல்லையே என்று கேட்பவர்களுக்கெல்லாம் விடை இங்கேதான் இருக்கிறது.

தாளில் செய்யவேண்டியது

கணினி விளிம்பைத் தேடுகிறது என்றால், தெளிவான விளிம்பைக் கொடுப்பது நம் வேலை. கோடு போட்ட சி.ஆர். கொப்பியில் வரையாதீர்கள், அந்த நீலக் கோடுகளை நீக்குவது வீண் வேலை. டெமி தாளும் வேண்டாம், மை ஊறிப் பரவும். பிரிஸ்டல் போர்டின் வழவழப்பான பக்கம் நல்லது. அது இல்லாவிட்டால் தடித்த ஏ4 தாள் போதும். பேனாவில் பிக்மென்ட் மை உள்ள ஃபைன்லைனர்தான் என் தெரிவு. ஜெல் பேனாவும் சரிதான், ஆனால் காயும் முன் அழிரப்பர் போட்டால் இழுபட்டுவிடும். பென்சில் வரைவை வெளிர் நீலப் பென்சிலால் போட்டால் அழிக்கவே தேவையில்லை. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

ஸ்கேன் செய்வதே மேல். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எந்தக் கொமியூனிகேஷன் கடைக்குப் போனாலும் செய்து தருவார்கள். ஆனால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்), பிஎன்ஜி அல்லது டிஃப் வகை ஃபைல். சும்மா விட்டால் 200இலோ 300இலோ ஜேபெக்காகத் தருவார்கள். 0.3 மில்லிமீட்டர் பேனாவின் கோடு 300 டிபிஐயில் மூன்றரைப் பிக்சல் அகலம்தான் வரும். அதில் இரு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் சாம்பல் நிறத்தில் மங்கினால் மிச்சமிருப்பது என்ன? 600இல் ஏழு பிக்சல் கிடைக்கும், அதற்குள் விளிம்பு ஒழுங்காக அமரும். ஜேபெக் இன்னொரு கெடுதல் செய்யும். கோட்டைச் சுற்றி மங்கலான புள்ளிகளை விட்டுவிடும். டிரேஸ் செய்யும்போது அவையெல்லாம் குட்டிக்குட்டி வடிவங்களாக எழுந்து நிற்கும்.

ஃபோனில்தான் எடுக்க வேண்டும் என்றால் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், உங்கள் நிழல் தாளில் விழாமல், ஃபோனைத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

கறுப்பா வெள்ளையா என்ற முடிவு

ஸ்கேன் செய்த படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. பேனாக் கோட்டின் நடுவில் 20, 30 என்று இருக்கும். ஓரத்துக்கு வரும்போது 90, 150, 210 என்று ஏறித் தாளின் வெள்ளையில் கலக்கும். விளிம்பு எங்கே என்று முடிவு செய்ய, நடுவில் ஓர் எண்ணில் வெட்டவேண்டும். அதற்குக் குறைந்தது எல்லாம் கறுப்பு, கூடியது எல்லாம் வெள்ளை. இந்த எண்ணுக்குத்தான் திரெஷோல்ட் என்று பெயர். இலஸ்ட்ரேட்டரில் தொடக்கத்தில் 128 இருக்கும். இன்க்ஸ்கேப்பில் அதே விஷயம் பிரைட்னஸ் கட்ஆஃப் என்ற பெயரில், 0 முதல் 1 வரை, தொடக்கத்தில் 0.45 ஆக இருக்கும்.

இந்த எண்ணைக் கூட்டினால் சாம்பல் ஓரங்களும் கறுப்பில் சேர்ந்து கோடு தடிக்கும், நெருக்கமான கோடுகள் ஒட்டிக்கொள்ளும். குறைத்தால் கோடு மெலிந்து, கை லேசாகப் போன இடங்களில் அறுந்துவிடும். வெளிர் நீலப் பென்சில் தப்பிப்போவதும் இதனால்தான். அதன் எண் 200க்கு மேலே இருப்பதால் வெள்ளைப் பக்கம் போய்விடுகிறது. பள்ளிவாசல் படத்தில் நான் பார்ப்பது மேல்மாடி ஜன்னல் வளைவுகளுக்கு உள்ளே வரும் சின்ன வரிகளை. அந்த இடத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எண்ணை நகர்த்துங்கள். வரிகள் ஒட்டாமலும் அறாமலும் இருக்கும் இடம் கிடைத்தால் மற்ற இடங்கள் தானாகச் சரியாக இருக்கும். எல்லா இடமும் ஒரே எண்ணுக்கு மசியாவிட்டால் பெரும்பாலும் ஸ்கேனில் வெளிச்சம் சமமாக விழவில்லை. திரும்ப ஸ்கேன் செய்வதுதான் குறுக்கு வழி.

அடுத்ததுதான் டிரேஸ். இன்க்ஸ்கேப் இலவசம், 2003 முதல் இருக்கிறது, விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். புதியவர்கள் அதில் தொடங்கினால் மாதச் சந்தா பற்றி யோசிக்காமல் பழகலாம். அதன் டிரேஸ் பிட்மேப் வசதிக்குப் பின்னால் ஓடுவது பீட்டர் செலிங்கர் என்ற கணிதவியலாளர் எழுதிய பொட்ரேஸ் என்ற நிரல். விளிம்பை முதலில் நேர்கோடுகளாலான பல்கோணமாகப் பிடித்து, பிறகு அதன் மூலைகளை வளைவாக்குவதுதான் அதன் வழி. எந்த மூலையை வளைப்பது, எதைக் கூராக விடுவது என்பதை ஸ்மூத் கோர்னர்ஸ் என்ற எண் தீர்மானிக்கிறது. 0 என்றால் எல்லாம் கூர்மை, 1.34 என்றால் எல்லாம் வளைவு, தொடக்கத்தில் 1. கட்டடங்களுக்குக் கொஞ்சம் குறைத்தும், மரம் செடி முகங்களுக்குக் கொஞ்சம் கூட்டியும் வைத்தால் நன்றாக வரும்.

இன்னோர் எண் ஸ்பெக்கிள்ஸ். குறிப்பிட்ட பிக்சல் அளவுக்குச் சிறிய கறைகளைத் தூசி என்று எண்ணி நீக்கிவிடும். தமிழில் கையெழுத்துச் சேர்த்து வரைபவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்கவேண்டும். படத்தின் கீழே "கொழும்பு" என்று எழுதியிருக்கிறீர்கள், 'ம்' மேல் அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி. 300 டிபிஐயில் அது குறுக்கே ஆறு பிக்சல், பரப்பில் முப்பதுக்கும் குறைவு. தூசி போகட்டும் என்று ஸ்பெக்கிள்ஸை 50இல் வைத்தால் புள்ளியும் சேர்ந்து போய்விடும். பெனரில் "கொழுமபு" என்று தொங்கும். படத்தைப் பார்ப்பதில் மூழ்கியிருக்கும்போது இது கண்ணில் படாது. அதனால் எண்ணைக் குறைவாக வைத்துத் தூசியைக் கையால் நீக்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கோலம், பொட்டு, ஜிமிக்கி என்று புள்ளி புள்ளியாக வரும் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

டிரேஸ் முடிந்ததும் பழைய ஸ்கேன் படம் அடியிலேயே இருக்கும். அதைப் பூட்டி வையுங்கள் அல்லது மறைத்துவிடுங்கள். வந்த வடிவத்தைத் தேர்ந்து, நோட் கருவியால் பாருங்கள். ஒரு நேரான மினாராப் பக்கத்தில் இரண்டு நோட் போதும், அங்கே முப்பது இருந்தால் கோடு நடுங்கும். கன்ட்ரோல் எல் அழுத்தினால் இன்க்ஸ்கேப் நோட்களைக் குறைத்து எளிமையாக்கும். ஆனால் படம் முழுவதற்கும் ஒரேயடியாகச் செய்தால் ஜன்னல்கள் உருகிப்போகும். வேண்டிய பகுதியை மட்டும் செய்யுங்கள். கையின் இயல்பான நடுக்கத்தை முழுவதும் துடைத்துவிடவும் வேண்டாம். அது இல்லாவிட்டால் கையால் வரைந்ததற்கு என்ன அடையாளம்?

பென்சில் நிழலும் நீர்வர்ணமும் இந்த வழிக்குப் பொருந்தாது. அவற்றில் தெளிவான விளிம்பே கிடையாது, டிரேஸ் செய்தால் தேமல் தேமலாக வரும். அவற்றை 600 டிபிஐ ஸ்கேனாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் கொடுப்பது

சிவப்புப் பள்ளிவாசலை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்த ஜாமி உல் அல்ஃபார் பள்ளிவாசலின் சுவரெல்லாம் சிவப்பும் வெள்ளையும். பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாக, சுருள் சுருளாக. நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே கலப்பே இல்லை. வெக்டருக்கென்றே கட்டியதைப் போன்ற கட்டடம்.

அந்த வெள்ளைப் பட்டைகளில்தான் முதல் பாடம். டிரேஸ் செய்த பிறகு திரையில் அவை வெள்ளையாகத் தெரியும். உண்மையில் அங்கே ஒன்றுமே இல்லை, கறுப்பு வடிவத்துக்கு நடுவில் உள்ள ஓட்டை. கணினி விளிம்பு பிடித்துக் கறுப்பை மட்டும்தானே நிரப்பியது? அந்தப் படத்தை மஞ்சள் டீஷேர்ட்டில் அடித்தால் பள்ளிவாசலின் வெள்ளையெல்லாம் மஞ்சளாகிவிடும். எனவே நிறம் போடத் தொடங்குமுன் கட்டடத்தின் வெளி உருவத்தை முழுவதும் மூடும் ஒரு வெள்ளை வடிவத்தை வரைந்து எல்லாவற்றுக்கும் அடியில் வையுங்கள். படத்துக்குப் பின்னால் ஒரு கடுஞ்சாம்பல் செவ்வகத்தைப் போட்டுப் பார்த்தால் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று உடனே தெரியும்.

லேயர்களை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்குகளை, இப்படி வையுங்கள்: மேலே கறுப்புக் கோடு, அதன் கீழே நிழல், அதற்குக் கீழே நிறங்கள், கடைசியில் அந்த வெள்ளை. கோடு மேலே இருப்பதால் கீழே நிறத்தின் ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மறைந்துவிடும்.

நிறம் நிரப்ப இரண்டு வழிகள். வாளிக் கருவியால் ஓர் அறைக்குள் சொடுக்கினால் அந்த அறை நிறைந்துவிடும். இலஸ்ட்ரேட்டரில் லைவ் பெயின்ட், இன்க்ஸ்கேப்பில் பெயின்ட் பக்கெட். அறையின் கோடுகளில் எங்காவது இடைவெளி இருந்தால் நிறம் வெளியே ஓடிப் படம் முழுவதும் பரவிவிடும். சின்ன இடைவெளிகளை அடைத்ததாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் வசதி இரண்டிலும் உண்டு. இன்க்ஸ்கேப்பில் வேறொரு விசித்திரம்: அதன் வாளி, திரையில் அப்போது தெரிவதை வைத்துத்தான் எல்லையைக் கண்டுபிடிக்கிறது. தூரமாக வைத்து நிரப்பினால் ஓரம் கரடுமுரடாக வரும், பெரிதாக்கி நிரப்பினால் நுணுக்கமாக வரும். அதோடு குரோ பை என்ற இடத்தில் ஒன்று அல்லது இரண்டு பிக்சல் கொடுங்கள். நிறம் கோட்டுக்கு அடியில் கொஞ்சம் நுழைந்து நிற்கும். கொடுக்காவிட்டால் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே மயிரிழை அளவு வெள்ளை எட்டிப்பார்க்கும். அச்சில் அது அசிங்கமாகத் தெரியும்.

இரண்டாவது வழி, பென் கருவியை எடுத்துக் கோடுகளின் நடுவே ஓடி ஒவ்வொரு நிற வடிவத்தையும் நீங்களே வரைவது. மெதுவான வேலைதான். ஆனாலும் கொஞ்சம் பழகியவர்கள் இதற்குத்தான் வரவேண்டும் என்று நினைக்கிறேன். பேனாவால் வரைபவர்கள் வேண்டுமென்றே சில கோடுகளை முடிக்காமல் விடுவார்கள். தெருவில் போகும் சனக்கூட்டம், தள்ளுவண்டியின் சக்கரம், ஓட்டோவின் கூரை ஓரம் எல்லாம் பாதிக் கோட்டிலேயே உயிரோடு இருக்கும். வாளிக்காக அவற்றையெல்லாம் இழுத்து மூடினால் படத்தின் மூச்சு நின்றுவிடும். கையால் நிற வடிவம் வரைந்தால் திறந்த கோட்டைத் திறந்தபடியே விடலாம், நிறத்தை எங்கே நிறுத்துவது என்பதும் உங்கள் கையில் இருக்கும்.

நிறங்களைக் குறைவாக எடுங்கள். இந்தப் படத்துக்குச் சிவப்பு, வெள்ளை, வானத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, கடைப் பதாகைகளுக்கு ஒரு மஞ்சள் போதும். டீஷேர்ட்டில் ஸ்க்ரீன் முறையில் அச்சடிப்பதென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன் வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும். நிறங்களைத் தட்டில் ஸ்வொட்சாக, அதாவது பெயரிட்ட நிற மாதிரியாகச் சேமித்துப் பயன்படுத்தினால் (இலஸ்ட்ரேட்டரில் குளோபல் என்பதையும் தெரிவுசெய்து), பிறகு சிவப்பைக் கொஞ்சம் செங்கல் பக்கம் நகர்த்த நினைத்தாலும் ஒரே இடத்தில் மாற்றப் படம் முழுவதும் மாறும்.

நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், சிவப்பு செத்துப்போகும். சிவப்பின் நிழலுக்கு அடர்ந்த அரக்குச் சிவப்பு, வெள்ளையின் நிழலுக்கு வெளிர் நீலச் சாம்பல். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று ஒரு முடிவு எடுத்து, மாலை நேரம் என்றால் கடல் இருக்கும் மேற்குப் பக்கத்திலிருந்து என்று வைத்து, எல்லா நிழலையும் எதிர்ப் பக்கம் விழவையுங்கள். கோட்டு நிறத்தையும் மாற்றிப் பார்க்கலாம். முழுக் கறுப்புக்குப் பதிலாக அடர்ந்த தவிட்டு நிறம் கொடுத்தால் படம் சட்டென்று இளகும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது

உங்கள் மூல ஃபைலை இன்க்ஸ்கேப்பின் எஸ்விஜியாகவோ இலஸ்ட்ரேட்டரின் ஏஐயாகவோ பத்திரமாக வைத்துக்கொண்டு, அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுங்கள். படத்தில் தட்டச்சு செய்த தமிழ் இருந்தால் அதை முதலில் வடிவமாக மாற்றிவிடுங்கள். இன்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட் கன்ட்ரோல் சி, இலஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. நம் நாட்டில் பாமினி எழுத்துரு இன்னும் பரவலாகப் புழங்குகிறது, அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அமைந்ததல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பி வரும். வடிவமாக்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை, ஆனால் அதன்பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. மாற்றுமுன் ஒரு பிரதியைத் தனியே சேமியுங்கள்.

திரை ஆர்ஜிபியில், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியில் காட்டும், அச்சு சிஎம்வைகே எனப்படும் சயன், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் வரும். திரையில் மின்னும் சிவப்பும் பச்சையும் தாளில் ஒரு படி அடங்கித்தான் இருக்கும். அதைவிட முக்கியம் கறுப்புக் கோடு. ஆர்ஜிபிக் கறுப்பை மாற்றும்போது அது நான்கு மைகளின் கலவையாகிவிடுவது வழக்கம். அச்சில் ஒரு மை கொஞ்சம் விலகினாலும் மெல்லிய கோடுகளின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கும். கோடு லேயரைக் கறுப்பு மை மட்டும் 100 வீதமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அச்சகத்தில் அது ஒரு நிமிட வேலை. ஓரம் வரை நிறம் போகும் படமென்றால் சிறிய அச்சுகளுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி விடுங்கள், பெனருக்கு எவ்வளவு வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக, பிடிஎஃபைத் திறந்து 800 வீதத்துக்குப் பெரிதாக்கி ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நகர்த்திப் பாருங்கள். அப்புறம் அனுப்பலாம்.